கேட்லாக்: நூற்பட்டியலா, நூலடைவா?

கல்லூரி நாள்களில் ஏற்காட்டு மலையைப் பற்றிப் படிக்க, சேலத்தில் ஒரு நூலகத்துக்குப் போனேன். நூல் விவரம் எழுதிய அட்டைகள் அடுக்கிய கேட்லாக் இழுப்பறையில் 'ஷெவராய்' என்று தேடினேன். ஒரு அட்டைகூட இல்லை. அரை மணி நேரம் கழித்து வேறு இழுப்பறையில், ஓரம் நைந்த இரண்டு அட்டைகள் கிடைத்தன. தலைப்பு: 'சேர்வராயன் மலை'. சேர்வராயன்தான் வெள்ளைக்காரர் வாயில் ஷெவராய் ஆனது. 'ஷெவராய்: காண்க சேர்வராயன் மலை' என்று ஓர் அட்டை இருந்திருந்தால் நான் அலைந்திருக்க மாட்டேன்.

கேட்லாக் கிரேக்க வேரில் பிறந்த சொல். 'கட்டா' முழுமையைக் குறிக்கும். 'லெகெய்ன்' என்றால் சேர்த்தல், எண்ணுதல், சொல்லுதல். தமிழில் 'நூற்பட்டியல்' என்கிறோம், அந்த வேலையைப் 'பட்டியலாக்கம்' என்கிறோம். தவறில்லை. ஆனால் மளிகைச் சீட்டும் பட்டியல்தான். நூலகத்தில் இருப்பதை எண்ணிக் காட்டினால் போதாது. ஆசிரியர், தலைப்பு, பொருள் எதைச் சொல்லி வந்தாலும் நூல் கைக்குக் கிடைக்க வேண்டும். 1876இல் அமெரிக்க நூலகர் சார்லஸ் கட்டர் வகுத்த விதிகளின் உயிர் அதுதான். அவர் எல்லாப் பதிவுகளையும் அகராதி போல ஒரே அகரவரிசையில் அடுக்கச் சொன்னார். நம் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதனோ, 1934இல் வந்த தம் விதிநூலில், பொருள்வாரியாக வகுத்த பட்டியலை முன்வைத்தார். எனக்கு ரங்கநாதன் பக்கமே சாய்வு: ஒரு மலையைத் தேடுபவருக்கு அதன் பக்கத்து மலைகளும் கண்ணில் படும்.

பெயர் விஷயத்தில்தான் பெரிய சிக்கல். சேலம் பகடால நரசிம்மலு நாயுடு என்ற எழுத்தாளரின் பெயரில் சேலம் ஊர், பகடால குடும்பப் பெயர், நரசிம்மலு இயற்பெயர், நாயுடு சாதிப் பட்டம். கடைசிச் சொல்லை முன்னே போடும் மேல்நாட்டு வழக்கப்படி 'நாயுடு' என்று பதிந்தால், எத்தனையோ நாயுடுகளுக்கு நடுவே இவரைத் தேட வேண்டும். நாம் அழைப்பதுபோல 'நரசிம்மலு' என்றே பதிவதுதான் முறை.

எனக்குப் பிடித்த சொல் 'நூலடைவு'. அடைவு என்றால் வரிசை, முறை. பழைய உரைகளில் 'அடைவே' என்றால் வரிசையாக. அடைதலும் அதில் ஒலிக்கிறது. ஒரு துறை நூல்களின் விவரத் தொகுப்புக்கும் சிலர் இதே சொல்லை ஆள்கிறார்கள். அதற்கு 'நூற்றொகை' இருக்கிறதே.

இன்று கணினியில் தேடுகிறோம். ஷெவராயும் சேர்வராயனும் ஒரே மலை என்று நூலகர் இணைத்து வைக்காவிட்டால், அங்கேயும் அதே வெறும் இழுப்பறைதான்.