கல்யாணத்துக்கு ஃப்ரூட் சாலட் போடப்போறீங்களா, ஒரு சமையல்காரன் சொல்றத கேட்டுட்டு போடுங்க

கும்பகோணம் பக்கம் இருபத்திரெண்டு வருஷமா சமையல் காண்ட்ராக்ட் பண்றேன். முன்னாடியெல்லாம் பந்தியில பாயாசம், மோரு, ஒரு வாழப்பழம், வெத்தலபாக்கு, அதோட முடிஞ்சுது. இப்ப ரிசப்ஷன் மெனு பேச உக்காந்தா பொண்ணு வீட்டுக்காரங்க முதல்ல கேக்குறதே "மாஸ்டர், ஃப்ரூட் சாலட் உண்டுல்ல, நல்லா க்ரீமா இருக்கணும், மேல ஒரு ஸ்கூப் ஐஸ்கிரீம் வச்சிடுங்க"ன்னுதான். தப்பில்ல, செலவும் கம்மி, பாக்கவும் கலரா இருக்கும், பல்லு போன தாத்தாவும் சாப்பிடலாம். ஆனா சாம்பார் கெட்டா மூக்குக்கு உடனே தெரிஞ்சிடும், ஃப்ரூட் சாலட்ல பழத்த கலக்குற பால் கஸ்டர்ட் கெட்டா தெரியாது. சில்லுனு இனிப்பா வெனிலா வாசனையோட இருக்கும், நாமளும் ரெண்டாவது கப் வாங்கி சாப்பிடுவோம், சாயங்காலம்தான் வயிறு சொல்லும்.

என் தப்பையே முதல்ல சொல்லிடுறேன். தொழிலுக்கு வந்த புதுசு, வைகாசி மாசம், குத்தாலம் பக்கத்துல ஒரு கிராமத்துல காதுகுத்து. முப்பது லிட்டர் பால்ல ராத்திரி பத்து மணிக்கு கஸ்டர்ட் காய்ச்சி அப்படியே பெரிய அண்டாவுல மூடி வச்சிட்டு படுத்துட்டேன், காலையில ஐஸ் வச்சுக்கலாம்னு நெனப்பு. ஏழு மணிக்கு மூடிய தொறந்தா மேல ஏடு கட்டி ஆறுன மாதிரி இருக்கு, கரண்டிய உள்ள விட்டு கலக்குனா நடுவுல இன்னும் வெதுவெதுங்குது. அதுலயே பழத்த கொட்டி கலந்து அண்டாவ சுத்தி ஐஸ் அடுக்கி மத்தியானம் ஒரு மணி பந்திக்கு போட்டேன். நாலு மணிக்கு முதல்ல ரெண்டு குழந்தைங்களுக்கு வாந்தி, ஆறு மணிக்குள்ள பதினேழு பேர். நல்லவேளை எல்லாரும் மறுநாளே எந்திரிச்சிட்டாங்க. அங்க பாத்த டாக்டர் என்னை கூப்புட்டு ஒரே கேள்விதான் கேட்டாரு, "பழம் நறுக்குன ஆள் கையில காயம் இருந்துச்சா?"

இருந்துச்சு. தேங்கா உடைக்கும்போது விரல்ல பட்டு துணி சுத்திக்கிட்டுதான் அந்த தம்பி நறுக்குனான், நான் பாத்துட்டுதான் இருந்தேன்.

அப்பறம்தான் விஷயம் புரிஞ்சுது. நம்ம மூக்கு, தோலு, புண்ணு, கொப்புளம் இதுலயெல்லாம் ஸ்டஃபைலோகாக்கஸ்னு ஒரு கிருமி இருக்கும், பாலும் சர்க்கரையும் வெதுவெதுப்பும் சேந்தா அதுக்கு அதவிட கொண்டாட்டம் வேற இல்ல. அது விடுற நஞ்சு இருக்கே, திரும்ப கொதிக்க வச்சாலும் லேசுல போகாது, சாப்பிட்ட அரைமணியில இருந்து எட்டு மணி நேரத்துக்குள்ள வாந்தியா வெளிய வந்துடும். நல்ல சூடும் சத்தும் கிடைச்சா இந்த மாதிரி கிருமி இருபது நிமிஷத்துக்கு ஒருக்கா ரெண்டா பெருகும்ங்கிறாங்க, கணக்கு போட்டு பாருங்க, ஒண்ணா இருந்தது நாலு மணி நேரத்துல 4096. 5 டிகிரிக்கு கீழயோ 60 டிகிரிக்கு மேலயோ வச்சிருந்தா இது நடக்காது, நடுவுல நிக்க விடுற நேரம்தான் ஆபத்து. கத்திரி வெயில் நேரத்துல நம்ம ஊர்ல ராத்திரியே 28, 29 டிகிரி இருக்கும், அப்ப மண்டபத்து பின்கட்டுல அண்டா தானா எப்படி ஆறும் சொல்லுங்க?

சரி இப்ப நான் எப்படி பண்றேன்னு சொல்றேன். நூறு பேருக்கு கப்புக்கு 150 கிராம் வர்ற மாதிரி, 8 லிட்டர் பால், 400 கிராம் கஸ்டர்ட் பவுடர், ஒரு கிலோ சர்க்கரை, நறுக்குன பழம் 6 கிலோ. பால் ஆவின் ஆரஞ்சு பாக்கெட்தான், 6 சதவீதம் கொழுப்பு இருக்கும், க்ரீம்னு தனியா ஒண்ணும் ஊத்த வேண்டியதில்ல. வீட்டுக்காரங்க "எங்க மாட்டுப்பால் இருக்கு"ம்பாங்க, பாயாசத்துக்கு தாராளமா வாங்கிக்குவேன், கஸ்டர்டுக்கு மட்டும் வேண்டாம்ணே, ஒரு நாள் மாதிரி ஒரு நாள் கெட்டியா இருக்காதும்பேன். பவுடர ஆறுன பால்ல கரைச்சுதான் ஊத்தணும், சூட்டுல போட்டா கட்டி கட்டியா நிக்கும். ஊத்துனப்பறம் ரெண்டு நிமிஷமாச்சும் தளதளன்னு கொதிக்கணும், இல்லன்னா மாவு வாசனை போகாது. சூட்டுல ருசி பாக்கும்போது இனிப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும், சில்லுனு ஆனதும் நாக்குக்கு இனிப்பு கம்மியாதான் தெரியும்.

ருசி பாக்குறதுன்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. ஒரு தடவை காலையில கெட்டியா இருந்த கஸ்டர்ட் மத்தியானம் மோரு மாதிரி தண்ணியா கெடந்துச்சு. விசாரிச்சா பசங்க ஆளாளுக்கு ஸ்பூன்ல நக்கிட்டு அதே ஸ்பூன திரும்ப உள்ள விட்டிருக்கானுங்க. கஸ்டர்ட் கெட்டியா நிக்கிறதே சோளமாவாலதான், நம்ம எச்சில்ல மாவ கரைக்கிற அமிலேஸ்னு ஒரு சரக்கு இருக்கு, கொஞ்சம் பட்டாலும் அது பாட்டுக்கு வேலைய பாத்துட்டே இருக்கும். எச்சில் பண்ணக்கூடாதுன்னு எங்க அப்பத்தா கத்துனது சும்மா இல்ல.

அக்ரஹாரத்து கல்யாணத்துல கண்டிப்பா கேப்பாங்க, கஸ்டர்ட் பவுடர்ல முட்டை இருக்கான்னு. இல்ல. 1837ல இங்கிலாந்துல பர்மிங்ஹாம்ல ஆல்ஃபிரட் பேர்டுன்னு ஒருத்தர், சம்சாரத்துக்கு முட்டை ஒத்துக்காதுன்னுதான் முட்டையில்லாம இந்த பவுடரையே கண்டுபிடிச்சாரு. இருந்தாலும் பாக்கெட்ல பச்சை புள்ளி இருக்கான்னு காட்டிடுவேன், பெரியவங்க மனசுக்கு நிம்மதி. சாலட்ல துண்டு போட்டு சேக்குற ஜெல்லி விஷயம் வேற. கடை ஜெல்லியில ஜெலட்டின் இருந்தா அது மாட்டு எலும்பு, தோலு, பன்னித்தோல் இதுல இருந்தெல்லாம் எடுக்குறது, சைவக்காரங்களுக்கும் ஆகாது, முஸ்லிம் வீட்டு விசேஷத்துக்கும் ஆகாது. நாகூர், கூத்தாநல்லூர் பக்கம் நோம்பு நேரத்துல கடல்பாசி காய்ச்சுவாங்களே, அதையே கலர் பண்ணி துண்டு போட்டுக்குவேன், யாருக்கும் சங்கடம் இல்ல. வெயில்ல ஜெலட்டின் மாதிரி உருகியும் போகாது.

காய்ச்சி முடிச்ச உடனே அண்டாவுல விட்டு வைக்காதீங்க, இதான் முக்கியம். அகலமான ட்ரேயில நாலு விரக்கடை உயரத்துக்கு மேல போகாம ஊத்தி, அடியில ஐஸ் தண்ணி வச்சு கிண்டிக்கிட்டே இருந்தா வேகமா ஆறும். ரெண்டு மணி நேரத்துல 21 டிகிரிக்கு வரணும், அதுக்கு அடுத்த நாலு மணி நேரத்துல 5க்கு வந்துடணும். குத்தி பாக்குற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க, கை வச்சு பாத்து ஏமாந்தவன் சொல்றேன். ஐஸோட கல்லுப்பு, எங்களுக்கு வேதாரண்யத்து உப்பு, ரெண்டு கை அள்ளி போட்டா சீரோவுக்கும் கீழ இறங்கிடும். அந்த ஐஸ் பாத்திரத்துக்கு வெளியதான் இருக்கணும், சீக்கிரம் ஆறட்டும்னு உள்ள உடைச்சு போடுற ஆள நானே பாத்திருக்கேன். மீனுக்கு போடுற ஐஸ் வேற, திங்கிற ஐஸ் வேற. அத பிரிச்சு காட்டத்தான் 2018 ஜூன்ல இருந்து திங்கக்கூடாத ஐஸ்ல நீலக்கலர் சேக்கணும்னு உணவு பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டுச்சு. கலர் இல்லாததால அது நல்ல ஐஸ்னு எடுத்துக்காதீங்க, எந்த தண்ணியில புடிச்சதுன்னு கேளுங்க.

பழத்துல அன்னாசி மட்டும் பச்சையா போடாதீங்க. அதுல இருக்குற புரோமலைன் பாலோட புரதத்த அறுத்து அரைமணி ஒருமணி நேரத்துல கசக்க வச்சிடும், நிறைய பேர் பால் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுப்பாங்க. சர்க்கரை தண்ணியில அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு ஆற வச்சு போட்டா ஒண்ணும் ஆகாது. பப்பாளியும் கிவியும் அதே ஜாதிதான். கமலா ஆரஞ்சு புளிப்புல திரிச்சு விட்டுடும், நான் சேக்குறதே இல்ல. வாழப்பழம் திருவையாத்து படுகை பூவன், லேசா கெட்டியா இருக்கும்போது, அதுவும் பரிமாறுறதுக்கு அரைமணி முன்னாடி நறுக்கி எலுமிச்சம்பழம் தெளிச்சு கடைசியாதான் சேப்பேன், இல்லன்னா கருத்துப்போய் பாக்கவே சகிக்காது. மாதுளையும் கடைசியில, முன்னாடியே போட்டா மொத்தமும் ரோஸ் கலர். எந்த பழமா இருந்தாலும் நறுக்குறதுக்கு முன்னாடி கழுவணும், கிர்ணியில தோல்ல இருக்குற மண்ணையும் கிருமியையும் கத்திதான் உள்ள இழுத்துட்டு போகுது.

பழுக்க வைக்கிறத பத்தியும் ஒரு வார்த்தை. அந்த காலத்துல தார குழியில இறக்கி புகை மூட்டம் போடுவாங்க, இப்ப எத்திலீன் அறை வந்துடுச்சு, ரெண்டும் பரவால்ல. கார்பைட் கல்லு வச்சு பழுக்க வைக்கிறது சட்டப்படி தடை, அதுல ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்து வரும். மேல தகதகன்னு மஞ்சள், நறுக்குனா உள்ள காய் மாதிரி வெடவெடன்னு இருந்தா நான் மொத்த தாரையும் திருப்பி அனுப்பிடுவேன், மண்டியில சண்டை வந்தாலும் சரி.

பந்தியில மொத்தத்தையும் வெளிய எடுத்து வைக்காதீங்க. ஒரு பந்திக்கு ஒரு தூக்கு, தீந்தா கழுவுன வேற தூக்கு, பழைய மிச்சத்துல புதுசு ஊத்துற வேலையே வேணாம். வெயில் 32 டிகிரி தாண்டுன நாள்ல வெளிய ஒரு மணி நேரம், அதுக்கு மேல நின்னத கீழ ஊத்திடுவேன். சின்ன குழந்தைங்க கப்புல திராட்சை முழுசா இருக்கக்கூடாது, நீட்டுவாக்குல வகுந்து போடுங்க, தொண்டையில போய் அடைச்சா பதில் சொல்ல முடியாது. முந்திரி தூவியிருந்தா வாய்விட்டு சொல்லுங்க, அது ஒத்துக்காதவங்க இருப்பாங்க. சக்கரை வியாதிக்காரங்களுக்கு ஒரு தட்டு வெறும் பழம் தனியா எடுத்து வச்சா அவங்க கண்ணுல தெரியிற சந்தோஷமே தனி. ஒருவேளை யாருக்காச்சும் வாந்தி பேதின்னா ஓஆர்எஸ் ஒரு பாக்கெட் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறுன தண்ணியில கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா குடுங்க, குழந்தை, வயசானவங்க, கர்ப்பிணின்னா காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க. காண்ட்ராக்ட் பேசும்போது என்னை மாதிரி ஆளுங்ககிட்ட உணவு பாதுகாப்பு உரிமத்தோட 14 இலக்க எண்ண கேளுங்க, கோவிச்சுக்க மாட்டோம்.

கடைசி சண்டை எப்பவுமே மிச்சத்துக்குதான். போன தையில ஒரு கல்யாணத்துல, எல்லா பந்தியும் முடிஞ்சு மிச்சத்த ஊத்த தூக்குறேன், மாப்ள வீட்டு பெரியம்மா தூக்குவாளியோட வந்து நிக்கிறாங்க. "ஏம்ப்பா, மூணு லிட்டர் இருக்கும் போலருக்கே, காசு குடுத்தவங்க நாங்க, நீ யாரு கீழ ஊத்த?" வெளிய எடுத்து ரெண்டு மணி நேரம் ஆச்சும்மான்னு சொல்லி பாத்தேன், கேக்கல. உள்ள போய் நறுக்காம மிஞ்சியிருந்த பூவன்ல நாலு சீப்ப அந்த வாளியில வச்சு நீட்டுனேன். வாங்கிக்கிட்டாங்க. போகும்போது "இந்த மாஸ்டருக்கு கை நீளாது"ன்னு மண்டப வாசல் வரைக்கும் சொல்லிக்கிட்டே போனாங்க.