கிதார்களின் இரைச்சலில் தகரக் குழல் எப்படிக் கேட்கிறது?

அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1992-இல் உருவான க்ருவாகன், கெல்டிக் நாட்டுப்புற இசையை ஹெவி மெட்டலோடு இணைத்த முன்னோடிக் குழுக்களில் ஒன்று. 2002-இல் சுவிட்சர்லாந்தில் தோன்றிய எலுவெய்ட்டியும் அதே வழியில் வந்த குழுதான். இவர்களின் இசையை முதன்முறை கேட்பவருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு: நெஞ்சுக்கூடு அதிரும்படி முழங்கும் மின் கிதார்களுக்கு நடுவே, ஒரு முழம்கூட நீளமில்லாத டின் விசில் என்ற தகரக் குழல் எவ்வாறு தெளிவாகக் கேட்கிறது?

கிதாரின் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. மெட்டல் இசைஞர்கள் அதையும் தளர்த்தி இன்னும் கீழே இறக்குவார்கள். டின் விசிலின் வழக்கமான வகையில் மிகத் தாழ்ந்த சுரமே 587 ஹெர்ட்ஸ். மேல் சுரங்கள், நம் காது கூர்மையாக உணரத் தொடங்கும் 2000 ஹெர்ட்ஸைத் தாண்டிச் செல்கின்றன. கிதாரின் ஓசையும் அந்த உயரம்வரை பரவுகிறது என்றாலும், அதன் ஆற்றல் பல அதிர்வெண்களில் சிதறிக் கிடக்க, குழலின் ஆற்றலோ பெரும்பாலும் ஒரே குறுகிய இடத்தில் குவிந்திருப்பதால் காது அதைத் தனியே பிரித்தெடுத்துவிடுகிறது.

இதைவிட அழகான பொருத்தம் சுருதியில் இருக்கிறது. மெட்டல் கிதாரின் கரகரப்பு, ஒலியலையின் முகடுகளைப் பெருக்கி வெட்டித் தட்டையாக்குவதால் பிறப்பது. அப்படி வெட்டப்படும்போது, சேர்ந்து ஒலிக்கும் இரண்டு சுரங்களின் கூட்டலும் கழித்தலுமான புதிய அதிர்வெண்கள் உண்டாகின்றன. சட்ஜம் (ச) 110 ஹெர்ட்ஸ், பஞ்சமம் (ப) 165 ஹெர்ட்ஸ் என்றால் அவற்றின் வேறுபாடு 55. அது சட்ஜத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே விழுந்து ஒலியைக் கனமாக்குகிறது. பஞ்சமத்துக்குப் பதில் அந்தர காந்தாரத்தைச் சேர்த்தால், கிதாரில் அது 138.6 ஆக இருப்பதால், 28.6 என்ற ஒட்டாத உறுமல் எழுகிறது. ஆகவேதான் மெட்டல் கிதாரிஸ்டுகள் பெரும்பாலும் காந்தாரத்தை விட்டுவிட்டு, பவர் கார்டு எனப்படும் ச-ப இணையையே மீட்டுகிறார்கள்.

இந்த இசையில் இடம்பெறும் பேக்பைப் என்ற பைக்குழலின் சுருதிக் குழல்களும், சக்கரத்தைச் சுழற்றி வாசிக்கும் ஹர்டி-கர்டியின் சுருதிக் கம்பிகளும் நூற்றாண்டுகளாகச் செய்துவருவது ஏறக்குறைய இதையேதான்: சட்ஜத்தையோ ச-ப இணையையோ ஓயாமல் பிடித்திருப்பது. காந்தாரம் எது, தாழ்ந்ததா உயர்ந்ததா என்று கிதாரும் சொல்வதில்லை, சுருதியும் சொல்வதில்லை என்பதால், காந்தாரத்தில் வேறுபடும் நம் கரகரப்பிரியா, அரிகாம்போதி ராகங்களை ஒத்த சுர வரிசைகளில் அமைந்த ஐரிஷ் மெட்டுகள் தடையின்றி உலவ முடிகிறது. இந்த இசைவகையை வெறும் ஒட்டுவேலை என்று தள்ளுவோர் இதைக் கவனிப்பதில்லை.

ஹர்டி-கர்டியை அருகில் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். பிசின் பூசிய மரச் சக்கரம், வயலின் வில்லைப் போலக் கம்பிகளை உரசிக்கொண்டே சுழல்கிறது. அவற்றுள் ஒரு கம்பியைத் தாங்கும், குதிரை எனப்படும் சிறு கட்டைக்கு 'நாய்' என்று பெயர். அதன் ஒரு கால் பலகையில் பதியாமல் தளர்ந்திருக்கும். வாசிப்பவர் கைப்பிடியை மணிக்கட்டால் வெடுக்கென்று சுண்டும்போது அந்தக் கால் பலகையைத் தட்டித் தட்டி, கிதார் கம்பிகளை உள்ளங்கையால் அழுத்தி மீட்டும் 'ஜக்-ஜக்' தாளத்தோடு சேர்ந்து குரைக்கிறது.