வைகையில் கலக்கும் உரம்

மதுரைக்குள் வைகையை ஆகாயத்தாமரை பச்சைப்பசேலென்று மூடிக் கிடக்கிறது. அதற்கு உரம் போடுவது நாம்தான். சிறுநீரில் உள்ள யூரியாவும் வயலுக்கு மூட்டையில் வரும் யூரியாவும் ஒரே பொருள். சாக்கடைக் குழாயில் போகும்போதே அது உடைந்து அம்மோனியா ஆகிவிடும். கரைந்து நிற்பதால் வடிகட்டினாலும் நிற்காது, தேக்கி வைத்தாலும் அடியில் படியாது. அதை எடுக்க பாக்டீரியாவைத்தான் நம்ப வேண்டும்.

சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் முதலில் தொட்டிக்குள் காற்றை ஊதுவார்கள். நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரோஸ்பைரா போன்றவை அதை நைட்ரேட்டாக்கும். அம்மோனியாவில் உள்ள ஒரு கிராம் நைட்ரஜனுக்குச் சுமார் 4.6 கிராம் ஆக்சிஜன் பிடிக்கும். நிலையத்தின் கரண்ட் பில் ஏறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். இந்த பாக்டீரியா மிக மெதுவாகப் பெருகுபவை. இவை வாழும் தொட்டிச் சேற்றை அவசரப்பட்டு வெளியேற்றினால் கூண்டோடு போய்விடும். மதுரை வெயில் இவற்றுக்கு நல்லதுதான். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் இவை சோம்பிவிடும்.

சரி, இத்தோடு நிறுத்தினால்? நாற்றம் குறையும், தண்ணீர் தெளிவாகவும் தெரியும். ஆனால் நைட்ரஜன் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. ஆகாயத்தாமரைக்கு நைட்ரேட்டும் சாப்பாடுதான்.

அதனால் அடுத்து காற்றில்லாத இடம் வேண்டும். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியா ஆக்சிஜன் இருக்கும்வரை நைட்ரேட்டை அவ்வளவாகச் சீண்டாது. ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரேட்டில் இருப்பதைப் பிடுங்கிச் சுவாசிக்கும். மிஞ்சுவது நைட்ரஜன் வாயு. காற்றில் ஏற்கெனவே 78 சதவீதம் அதுதான். ஆனால் இவற்றுக்குத் தின்னக் கரிமப் பொருள் வேண்டும், காற்று ஊதிய தொட்டியில் அது ஏறக்குறைய தீர்ந்திருக்கும். சில ஊர்களில் மெத்தனால் வாங்கி ஊற்றுகிறார்கள். எனக்குப் பிடித்தது இன்னொரு வழி: காற்றில்லாத தொட்டியை முன்னால் வைத்து, நைட்ரேட் கலந்த நீரைத் திருப்பி அங்கே விடுவது. புதிதாக வரும் சாக்கடையே தீனி.

வேலை பாதியில் நின்றால் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு வல்லது. வேலை தவறான இடத்தில், அதாவது கடைசித் தெளிவுத் தொட்டியில் நடந்தாலும் தொல்லை: வாயுக் குமிழிகள் அடியில் படிந்த சேற்றைத் தூக்கி மிதக்கவிடும். வெயில் ஏற ஏற இது சீக்கிரம் நடக்கும் என்பதால் அங்கே சேற்றைத் தங்கவிடாமல் உடனுக்குடன் எடுக்க வேண்டும்.

இதெல்லாம் அவனியாபுரம், சக்கிமங்கலம் நிலையங்கள் வரை வந்து சேரும் சாக்கடைக்குத்தான். வாய்க்கால் வழியே நேராக ஆற்றில் விழுவதற்கு இந்த ஏற்பாடு எதுவும் உதவாது.