கடைசியாக எப்போது குடித்தார்? மறைக்காமல் சொல்லுங்கள்

எலும்பு முறிவு, நிமோனியா, அறுவை சிகிச்சை என்று வேறு எதற்காகவோ ஒருவர் சேர்க்கப்படுகிறார். முதல் நாள் நன்றாகப் பேசுகிறார். இரண்டாம் நாள் தூக்கமில்லை. கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. மூன்றாம் நாள் இரவு, படுக்கையில் பூச்சி ஊர்கிறது என்று துடைக்கிறார், கையில் ஏறும் குளுக்கோஸைப் பிடுங்கி எறிகிறார், பெற்ற மகனையே யாரென்று கேட்கிறார். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா சிஸ்டர்?" என்று குடும்பத்தார் கலங்கிப்போகிறார்கள். காரணம் பல நேரங்களில் சேர்க்கைப் படிவத்திலேயே இருக்கிறது. "மதுப்பழக்கம்: இல்லை" என்று எழுதிய அந்த ஒரு வரிதான் அது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. குடும்ப மானத்துக்குப் பயந்து மறைக்கிறார்கள். அல்லது "எப்போதாவது கொஞ்சம்" என்று குறைத்துச் சொல்கிறார்கள். யாரையும் எடைபோட நாங்கள் இதைக் கேட்பதில்லை. என்ன குடிப்பார், தினமும் எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எந்த நாள், எத்தனை மணிக்கு, முன்பு குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்ததா? இவ்வளவுதான் எங்களுக்கு வேண்டும். அடுத்த நான்கு நாள்களுக்கான கடிகாரம் அந்தக் கடைசி மணியிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.

மது மூளையின் வேகத்தை அடக்கக்கூடியது. தினமும் குடிப்பவரின் மூளை அதை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டிப் பழகிவிடுகிறது. மது திடீரென்று நின்றதும் கூட்டிய வேகம் மட்டும் மிஞ்சுகிறது. 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கமும் படபடப்பும் தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் வருவதுதான் மிகக் கொடியது. நினைவு தடுமாறி, காய்ச்சல் ஏறி, இதயம் பதைத்து, சிகிச்சை இல்லாவிட்டால் உயிரையே வாங்கிவிடும். எனவே தினமும் அதிகம் குடிப்பவரை வீட்டில் அறைக்குள் பூட்டி வைத்து ஒரே நாளில் குடியை நிறுத்த முயல வேண்டாம். நிறுத்தத்தான் வேண்டும், மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும்.

இதை அளக்க எங்களிடம் 10 அம்சங்கள் கொண்ட மதிப்பெண் அட்டவணை இருக்கிறது, அதிகபட்ச மதிப்பெண் 67. கைகளை நீட்டச் சொல்லி, என் விரல் நுனியை நோயாளியின் விரல் நுனியோடு ஒட்டி வைத்துப் பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியாத நடுக்கம் விரலுக்குத் தெரிந்துவிடும். ஆனால் நோயாளி பதில் சொன்னால்தான் இந்த அட்டவணை பயன்படும். வென்டிலேட்டரில் இருப்பவரிடம் குமட்டுகிறதா, தலை வலிக்கிறதா என்று எப்படிக் கேட்பது? அங்கே குடும்பத்தார் சொன்ன வரலாறு மட்டுமே துணை.

கல்லீரலும் கெட்டிருந்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது. கல்லீரல் செயலிழப்பாலும் நினைவு குழம்பும். அப்படிப்பட்டவர் பெரும்பாலும் மந்தமாக, பகலில் தூங்கி இரவில் விழித்துக் கிடப்பார். வண்டியை நிறுத்தக் காட்டுவதுபோல் மணிக்கட்டை மடக்கி உள்ளங்கையைக் காட்டச் சொன்னால், கை விட்டுவிட்டுத் தொய்ந்து விழும். மது நின்றதால் வரும் நடுக்கமோ வேகமானது, விடாதது. இந்த வேறுபாடு முக்கியம். மது விலகலுக்குக் கொடுக்கும் தூக்க மருந்து, கல்லீரல் குழப்பத்தை இன்னும் மோசமாக்கும். இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு. அப்போது உடலில் நெடுநேரம் தங்கும் டயசெபாமைவிட லோராசெபாம் போன்ற மருந்தை மருத்துவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். எதற்கும் முன்னால் சர்க்கரை அளவைப் பார்த்தாக வேண்டும். விழுந்து தலையில் அடிபட்டிருக்கலாம், கிருமித்தொற்றும் இருக்கலாம். "குடிகாரர்தானே, அதனால் உளறுகிறார்" என்று யாராவது முடிவுகட்டினால் எனக்குக் கோபம் வரும்.

மானிட்டரும் இவர்களிடம் எளிதில் ஏமாற்றும். முற்றிய கல்லீரல் சுருக்க நோயில் ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிந்திருப்பதால், ரத்த அழுத்தம் வழக்கமாகவே குறைவாக இருக்கும். ஒரு எண்ணைவிட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே செய்தி. உணவுக்குழாயில் புடைத்த ரத்த நாளங்கள் வெடிக்காமலிருக்க, நாடித்துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனோலால் மாத்திரை சாப்பிடுபவருக்கு, உள்ளே ரத்தம் கசிந்தாலும் நாடித்துடிப்பு எதிர்பார்த்த அளவு ஏறாது. மருந்துப் பட்டியலையும் கொண்டு வரச் சொல்வது இதனால்தான்.

இளம் செவிலியர்களுக்கு ஒன்று. தமனிக்குள் செருகிய மெல்லிய குழாய் வழியாக ரத்த அழுத்தம் அளக்கும்போது, அழுத்தத்தை உணர்ந்து திரைக்கு அனுப்பும் டிரான்ஸ்டியூசர் இதயத்தின் மட்டத்தில், அதாவது நான்காம் விலா இடைவெளியும் பக்கவாட்டு நடுக்கோடும் சந்திக்கும் இடத்தில் இருக்க வேண்டும். அது 10 செ.மீ. கீழே இறங்கிவிட்டால் அளவு ஏறத்தாழ 7 மி.மீ. கூடுதலாகக் காட்டும். உண்மையில் 60 இருக்கும் சராசரி அழுத்தம் திரையில் 67 ஆகத் தெரியும்; நாமும் இலக்கான 65-ஐத் தாண்டிவிட்டது என்று, ரத்த அழுத்தத்தை உயர்த்தக் கொடுக்கும் நார்அட்ரினலின் மருந்தைக் குறைத்துவிடுவோம். அமைதியற்ற நோயாளியின் கட்டிலை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்போம். ஒவ்வொரு முறையும் மட்டத்தைச் சரிபாருங்கள்.

தயமினை மறக்கவே கூடாது. நெடுநாள் குடித்தவர் உடலில் இந்த வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிப்பு தீவிரமாகலாம். நினைவாற்றல் நிரந்தரமாகவே போய்விடக்கூடும். சர்க்கரை தாழ்ந்திருந்தால் குளுக்கோஸைத் தாமதிக்கக் கூடாது, தயமினையும் உடனே சேர்த்துக் கொடுக்க வேண்டும். மெக்னீசியம், பொட்டாசியம், பாஸ்பேட் அளவுகளையும் கூடவே பார்க்க வேண்டும்.

கல்லீரல் நோயாளி வீடு திரும்பிய பிறகு, மலம் தார்போல் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, பகலும் இரவும் மாறித் தூங்கினாலோ, காய்ச்சலோடு வயிறு வலித்தாலோ மறுநாளுக்காகக் காத்திருக்காமல் அழைத்து வாருங்கள். நச்சுப்பொருள்களை மலத்தோடு வெளியேற்றும் லாக்டுலோஸ் மருந்து கொடுத்திருந்தால் நாளைக்கு 2 அல்லது 3 முறை இளக்கமாக மலம் போக வேண்டும். வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.