லீவரை மெல்லத் தள்ளினால் கியர் பல் தேயும்

போன கிழமையும் திருகோணமலைத் திருக்கடலூரில் இருந்து, படகின் பின்பக்கம் பூட்டும் ஓர் அவுட்போர்ட் என்ஜின் திருத்த வந்தது. லீவர் முன்னுக்குத்தான் இருக்கிறது, ஆனால் வேகத்தைக் கூட்டினால் அடியில் கடகடவென்று அடித்துக் கியர் கழன்றுவிடுகிறது. கியர் பெட்டியைத் திறந்தேன். கியரைக் கொளுவும் டாக் கிளட்ச்சின் பற்கள், பாவித்த சவர்க்காரக் கட்டி போல மூலை உருண்டு கிடந்தன. ஓட்டி கவனமான மனிதர். "நான் ஒரு நாளும் அடிச்சுப் போடுறேல்லை அண்ணை, மெல்ல மெல்லத்தான் தள்ளுறனான்" என்றார். அந்த மெல்லத் தள்ளுதல்தான் பற்களைத் தின்றிருக்கிறது. எத்தனை பேருக்குத்தான் இதைச் சொல்வது!

என்ஜினில் இருந்து நேரே கீழிறங்கும் தண்டின் நுனியில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. முன் கியர், பின் கியர் என்ற இரண்டு பெரிய சக்கரங்களையும் அதுதான் சுழற்றுகிறது. நீங்கள் நியூட்ரலில் வைத்திருக்கும்போதும் அவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுழன்றுகொண்டுதான் இருக்கும். நடுவில், புரொப்பெல்லர் தண்டின் மேல் வழுக்கி ஓடுவது டாக் கிளட்ச். லீவரைத் தள்ளினால் அது ஒரு பக்கம் நகர்ந்து, சுழலும் சக்கரத்தின் பல்லோடு கொளுவிக்கொள்ளும். இவ்வளவுதான் ஏற்பாடு. கார் கியர் பெட்டியில் இருப்பதுபோல வேகத்தைச் சமப்படுத்தித் தரும் சிங்க்ரோ வளையம் இதில் கிடையாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். லீவரை மெல்ல நகர்த்தினால் என்ன நடக்கும்? பல் முழுதாகக் கொளுவாமல், நுனியும் நுனியும் மட்டும் தொட்டுத் தொட்டு அடிக்கும். உங்களுக்குக் கேட்கும் "கர்ர்ர்" சத்தம் இரும்பு உதிரும் சத்தம். மூலை உருண்டுவிட்டால், பாரம் ஏறும்போது பற்கள் ஒன்றையொன்று வெளியே தள்ளிவிடும். வாடைக்காற்றில் அலை உடையும் கரையை நோக்கி வரும்போது கியர் கழன்றால், படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். அதை நினைத்துத்தான் எனக்குக் கோபம் வருகிறது.

இந்தப் பழக்கம் எங்கே இருந்து வந்தது என்று ஊகிக்கலாம். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் பலநாள் படகுகளில் உள்ளே இருக்கும் கியர் பெட்டி வேறு மாதிரி. அங்கே பெரும்பாலும் எண்ணெய் அழுத்தத்தில் தட்டுகள் ஒன்றோடொன்று நெருங்கிப் பிடிக்கும். அதில் ஓடிப் பழகியவர்கள் அவுட்போர்ட் பூட்டிய ஃபைபர் படகுக்கு வந்தும் அதே கையை வைக்கிறார்கள்.

சரி, எப்படிப் போடுவது? வேகத்தை முழுக்கக் குறைத்து, என்ஜின் ஐடிலுக்கு, அதாவது ஆகக் குறைந்த ஓட்டத்துக்கு, இறங்கும் வரை பொறுங்கள். அப்புறம் ஒரே தள்ளில், தயங்காமல், கடைசி வரை. முன்னுக்கிருந்து பின்னுக்குப் போவதென்றால் நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்துங்கள். பின் கியர் பிரேக் அல்ல. மண்ணெண்ணெயில் நின்றுவிடுகிறது என்று ஐடிலைக் கூட்டி வைத்திருக்கும் தம்பிமாரே, தயவு செய்து கார்பரேட்டரைச் சுத்தம் செய்யுங்கள். கூட்டின ஐடிலில் எப்படிப் போட்டாலும் பல் அடிவாங்கும். என்ஜின் நின்றிருக்கும்போது லீவர் போகாவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள். பல்லுக்கு நேரே பல் நிற்கிறது, அவ்வளவுதான். பிளக் வயரைக் கழற்றிவிட்டுப் புரொப்பெல்லரைக் கையால் கொஞ்சம் திருப்பினால் தானாக விழும்.

இன்னொன்று, எண்ணெய். பெட்டிக்குள் கியர் எண்ணெய்தான் விட வேண்டும். என்ஜினோடு வரும் புத்தகத்தில் பெரும்பாலும் SAE 90 என்றுதான் போட்டிருக்கும். என்ஜின் எண்ணெய் வேண்டாம். 100 மணி ஓட்டத்துக்கு ஒரு தடவை, இல்லாவிட்டால் 6 மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். கீழ்த் துளையால் ஏற்றி, மேல் துளையால் வழியும் வரை நிரப்ப வேண்டும். மேலால் ஊற்றினால் காற்று அடைத்து அரைவாசிதான் போகும்.

புரொப்பெல்லரையும் இடைக்கிடை கழற்றிப் பாருங்கள். பின்னால் தங்கூசி (மீன்பிடி நைலோன் நூல்) சுற்றியிருந்தால், தண்ணி புகாமல் தடுக்கும் சீல் வளையத்தை அது அறுத்துவிடும், கடல்தண்ணி உள்ளே போகும். கீழ் ஸ்குரூவைத் தளர்த்தியதும் முதலில் தண்ணி சொட்டினாலோ, எண்ணெய் பால் நிறமாக வந்தாலோ சீல் போய்விட்டது. அன்றைக்குத் தொழிலுக்குப் போகாதீர்கள், சீல் வளையத்தை மாற்றுங்கள். ஒரு சீலின் விலையையும் முழுப் பல்சக்கரத் தொகுதியின் விலையையும் கடையில் கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.