'கடைசியாகத் திருத்தியவர்' மீது பழி போடாதீர்கள்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். கட்டிங் முடிந்த பிறகுதான் டி-சட்டையின் மார்பளவு ஒரு சென்டிமீட்டர் குறைந்திருப்பது தெரிந்தது. கணினியில் அளவுத் தாளைத் திறந்தால் அதிலும் குறைந்த அளவே இருந்தது. வெட்டியவர் மீது தவறில்லை, யாரோ தாளை மாற்றியிருக்கிறார்கள். தாளின் அடியில் 'கடைசியாகத் திருத்தியவர்' என்று வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆன ஒரு மெர்ச்சண்டைசரின் (ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவரின்) பெயர் இருந்தது. என்னை அழைப்பதற்கு முன்பே அந்த இளைஞருக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

"நூல் நிறத்தின் பெயரில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது சார், அதை மட்டும்தான் திருத்தினேன்" என்றார் அவர். ஒருவரும் நம்பவில்லை.

தினமும் இரவில் எடுத்துவைத்த பேக்கப்புகளை ஒவ்வொன்றாக வேறொரு கணினியில் ஏற்றிப் பார்த்தேன். செவ்வாய் இரவு அளவு சரியாக இருந்தது. புதன் இரவு குறைந்திருந்தது. இளைஞர் தாளைத் தொட்டதோ வெள்ளிக்கிழமை. அவர் தப்பித்தார். ஆனால் புதன்கிழமை மாற்றியது யார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. தாள்கள் இருந்த தரவுத்தளம் மாங்கோடிபி. வேறு கணினிகளில் உள்ள தன் நகல்களிலும் அதே மாற்றங்களைச் செய்வதற்காக அது வைத்திருக்கும் ஆப்லாக் பதிவேடு குறிப்பிட்ட அளவு நிரம்பியதும் பழையவற்றைத் தள்ளிவிடும். புதன்கிழமைச் செய்தி அதற்குள் போய்விட்டது.

திருத்திய நேரத்துக்கு ஒரு புலம் (தரவை நிரப்பும் கட்டம்), திருத்தியவர் பெயருக்கு ஒரு புலம் என்று இரண்டு மட்டும் வைத்துக்கொண்டு "எங்களிடம் வரலாறு இருக்கிறது" என்று சொல்லும் மென்பொருள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது வரலாறே அல்ல. கடைசியாகக் கதவைத் திறந்தவரின் பெயர், அவ்வளவுதான்.

பத்திரப் பதிவில் சர்வே எண் தவறாக விழுந்துவிட்டால் பழைய பத்திரத்தை அழித்து எழுதுவதில்லை. பிழைத்திருத்தல் பத்திரம் என்று புதிதாக ஒன்றைப் பதிவு செய்கிறோம். வில்லங்கம் போட்டுப் பார்த்தால் இரண்டும் தெரியும். தரவுத்தளத்திலும் இதையே செய்யலாம். நடப்பு ஆவணம் ஒரு இடத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு திருத்தத்தின்போதும் முந்தைய பதிப்பின் முழுப் பிரதி, பதிப்பு எண், திருத்தியவர், நேரம், காரணம் எல்லாம் வேறொரு அட்டவணையில் புது வரிசையாகச் சேரட்டும். மாறிய பகுதியை மட்டும் சேமித்தால் இடம் மிச்சமாகும் என்பார்கள். சில கிலோபைட் ஆவணத்துக்கு அந்தச் சிக்கனம் தேவையில்லை. பழைய பதிப்பைக் கேட்கும்போது துண்டுகளை ஒட்டவைக்கும் தலைவலிதான் மிஞ்சும்.

வரலாற்றை அதே ஆவணத்துக்குள் ஒரு பட்டியலாகத் திணிப்பவர்களும் உண்டு. முதல் ஆண்டு நன்றாக ஓடும். மாங்கோடிபியில் ஓர் ஆவணம் 16 மெகாபைட்டைத் தாண்ட முடியாது. அடிக்கடி திருத்தப்படும் ஆவணங்கள் முதலில் போய் அந்தச் சுவரில் முட்டும். கவுச்டிபி என்ற இன்னொரு தரவுத்தளத்தைப் பயன்படுத்துபவர்களிடம் வேறொரு மயக்கம். ஒவ்வொரு ஆவணத்துக்கும் அது தரும் 'ரெவ்' எண்ணைப் பார்த்துப் பழைய பதிப்புகள் பத்திரமாக இருக்கின்றன என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் மோதலைக் கண்டுபிடிக்கத்தான் அந்த எண். இடத்தை மிச்சப்படுத்தும் காம்பாக்ஷன் வேலை ஓடியதும் பழைய பதிப்புகளின் உள்ளடக்கம் போய்விடும்.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் கதை இன்னும் சுவையானது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த காலத்தில், கடந்த நாளொன்றில் தரவு எப்படி இருந்தது என்று கேட்கும் வசதி அதில் இருந்தது. வேகமும் இடமும் கருதி 6.2 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். இன்றும் திருத்தும்போது பழைய வரிசை உடனே அழிவதில்லை, ஆனால் வேக்யூம் என்ற துப்புரவு வேலை வந்து துடைத்துவிடும். நமக்கு வரலாறு வேண்டுமென்றால், திருத்தம் நடக்கும்போது தானாக ஓடும் ட்ரிகர் என்ற நிரலை எழுதிக்கொள்ள வேண்டும்.

எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்தில் 2016 பதிப்பு முதலும் மரியாடிபி தரவுத்தளத்தில் 10.3 பதிப்பு முதலும் பழைய வரிசைகளைத் தரவுத்தளமே காலக்குறிப்போடு சேமித்துவைக்கும் அட்டவணைகள் உண்டு. நல்ல வசதி. ஆனால் நேரத்தைத்தான் அது தானாகக் குறிக்கும், ஆளை அல்ல. ஆளுக்கு நாம்தான் ஒரு புலம் வைக்க வேண்டும். அப்போதும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒருவர் வரிசையை நீக்கினால், வரலாற்றில் போய் உட்காரும் கடைசிப் பதிப்பில் அதற்கு முன் திருத்தியவரின் பெயர்தான் இருக்கும். திருப்பூர் இளைஞரின் கதை மறுபடியும்! அதனால் நேரடியாக நீக்க விடாமல், 'நீக்கப்பட்டது' என்று பெயருடன் குறிக்கச் சொல்கிறேன்.

வரலாற்று அட்டவணையில் மென்பொருள் தரவுத்தளத்துக்குள் நுழையும் கணக்குக்குச் சேர்க்கும் உரிமை மட்டும் கொடுங்கள். திருத்தவும் நீக்கவும் அதனால் முடியக்கூடாது. நடப்பு ஆவணமும் வரலாற்று வரிசையும் ஒரே பரிவர்த்தனையில், அதாவது இரண்டும் சேர்ந்தே நடக்கும் அல்லது இரண்டுமே நடக்காது என்ற விதத்தில், எழுதப்பட வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரம் போன நாளில் ஒன்று இருந்து மற்றது இருக்காது. இந்தியாவில் நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியுடன் பதிவாக வேண்டும், அந்தப் பதிவை அணைத்துவைக்க வழி இருக்கக்கூடாது என்பது 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். அளவுத் தாளுக்கு அப்படிச் சட்டம் இல்லை. வெட்டிய துணிக்குச் சட்டம் தெரியாது.

அந்த நிறுவனத்தில் இப்போது ஒவ்வொரு தாளுக்கும் பதிப்பு எண் உண்டு. ஏழாம் பதிப்பைத் திறந்தவர் சேமிப்பதற்குள் வேறொருவர் எட்டாம் பதிப்பை எழுதிவிட்டால் மென்பொருள் மறுத்துவிடும். கட்டிங் பிரிவுக்குப் போகும் அச்சுத் தாளிலும் அந்த எண் பெரிதாக இருக்கிறது. எந்தப் பதிப்பைப் பார்த்து வெட்டினோம் என்பது இனி வாய்ச்சண்டை அல்ல.

காரணம் எழுதும் பெட்டியில்தான் சறுக்கினேன். கட்டாயம் ஆக்கியிருந்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பாதிப் பேர் வெறும் புள்ளி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு, 'பையர் கேட்டது', 'சாம்பிள் திருத்தம்', 'எழுத்துப்பிழை' என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல் ஒன்றை வைத்தேன். 'எழுத்துப்பிழை' என்ற சொல்லைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னது அந்த இளைஞர்தான்.