வலி நின்றுவிட்டது, அதனால் வரவில்லை

பல் மருத்துவர்களிடம் வருபவர்களுக்கென்று தனியாக ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஆடியில் பல் பிடுங்கக் கூடாது என்று ஆவணி வரை தள்ளுவார்கள். ஆவணியில் வீட்டில் கல்யாணம். புரட்டாசியில் விரதம், ஐப்பசியில் தீபாவளிச் செலவு, அதற்குப் பிறகு மழை. "தை பிறக்கட்டும் டாக்டர்" என்பார்கள். தை பிறந்ததும் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு நெருங்கிவிடும். தேர்வு முடிந்தால் கோடை வந்துவிடும். வெயில் காலத்தில் பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காதாம். இப்படியே சித்திரையும் வைகாசியும் போய் மறுபடியும் ஆடி வந்து நிற்கும். சொத்தைக்கு மட்டும் எந்த மாதமும் ஆகாத மாதம் இல்லை.

ஒரு வேலையை ஏன் தள்ளிப்போடுகிறோம் என்பதைப் புரிந்துகொள்ளப் பல்லைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஏனென்றால் இங்கே தள்ளிப்போடுவதற்கு உடம்பே துணை போகிறது. பல்லின் மேலுறையான எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதில் நரம்பு கிடையாது. சொத்தை அதைத் துளைத்துக்கொண்டிருக்கும்போது நமக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடியில் ஒரு கரும்புள்ளி தெரியலாம், அதுவும் கடைவாய்ப் பல்லின் இடுக்கில் இருந்தால் தெரியாது. அடுத்த அடுக்கான டென்டினைத் தொட்டதும் ஐஸ்கிரீமுக்கும் இனிப்புக்கும் சுருக்கென்று ஒரு கூச்சம் வரும். உடனே அந்தப் பக்கம் மெல்லுவதை நிறுத்திவிட்டு மறுபக்கத்துக்கு மாறிவிடுகிறோம். ஒரே பக்கமாக மென்று பழகியவர்கள் ஏராளம். கேட்டால், "அந்தப் பக்கம் பழக்கமில்லை" என்பார்கள்.

சொத்தை பல்லின் உள்ளே இருக்கும் கூழை எட்டும்போதுதான் இரவு வலி தொடங்கும். படுத்தால் தலைப் பக்கம் ரத்த அழுத்தம் கூடும்; வீங்கி விரிய இடமில்லாத அந்தச் சிறு அறைக்குள் வலி விண்விண்ணென்று தெறிக்கும். கிராம்பு எண்ணெய் வைப்பார்கள். மருந்துக்கடையில் பெயர் சொல்லாமல் "பல்வலிக்கு ரெண்டு" என்று கேட்டு வாங்குவார்கள். சிலர் ஆஸ்பிரின் மாத்திரையை ஈறின்மேலேயே வைத்து அடக்குவார்கள். அது வலியைப் போக்காது, ஈறைப் புண்ணாக்கும். புகையிலையை அடக்கிக்கொள்பவர்களும் உண்டு. அந்தப் பழக்கம் பிறகு விடுவதில்லை.

பிறகு ஒரு நாள் வலி நின்றுவிடும். கூழும் அதில் ஓடும் நரம்பும் செத்துப்போனதால் நின்ற வலி அது. ஆனால் வந்து உட்காருபவர் சொல்வது, "சரியாகிவிட்டது என்று நினைத்தேன்". செத்த கூழ் அழுகி, கிருமி வேரின் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கி, வாரங்களோ மாதங்களோ கழித்துக் கன்னம் வீங்கும்போதுதான் மறுபடி நினைவு வரும். முதலில் வந்திருந்தால் ஒரே அமர்வில் அடைத்து அனுப்பியிருக்கலாம். இப்போது வேர் சிகிச்சை, அதன்மேல் ஒரு தொப்பி, இரண்டு மூன்று முறை அலைச்சல். இன்னும் விட்டால் பிடுங்குவது ஒன்றுதான் வழி.

இதைச் சொன்னால் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். தெரியாமல் தள்ளிப்போடுபவர்கள் குறைவு. இங்கேதான் வழக்கமான அறிவுரைகள் சறுக்குகின்றன. தள்ளிப்போடுபவரைச் சோம்பேறி என்று முடிவுகட்டிவிட்டு, சுறுசுறுப்பாக இரு என்று சொல்வதால் என்ன பயன்? விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து இட்லிக்கடை போடும் அம்மாவுக்குச் சுறுசுறுப்பைப் பற்றி நான் என்ன சொல்ல முடியும்? வங்கிக் கணக்கை ஒரு பைசா பிசகாமல் முடித்துவிட்டு வீடு திரும்பும் அதிகாரியும்தான் பல்லை மூன்று வருடம் விட்டுவைக்கிறார்.

அவர்கள் தள்ளிப்போடுவது வேலையை அல்ல, அதோடு சேர்ந்து வரும் உணர்ச்சியை. ஊசி பற்றிய பயம், துளைக்கும் கருவியின் சத்தம், செலவு எவ்வளவு என்று தெரியாத கலக்கம். "நாளைக்குப் போகலாம்" என்று சொன்ன மறுகணம் நெஞ்சு லேசாகிறது அல்லவா? அந்த நிம்மதிதான் கூலி. கூலி கிடைக்கும் வேலையை மனம் திரும்பத் திரும்பச் செய்யும். உளவியலாளர்கள் ஃபுஷியா சிராய், திமோதி பிச்சில் இருவரும் 2013-ல் வெளியிட்ட கட்டுரையில் இதைத்தான் சொன்னார்கள்: தள்ளிப்போடுவது நேரத்தை நிர்வகிக்கத் தெரியாத குறை என்பதைவிட, இப்போதைய மனநிலையைச் சரிசெய்துகொள்ளும் அவசரம், அந்தப் பாரம் பின்னாளில் வரப்போகும் நம் தலையில் ஏறுகிறது.

பயத்தைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அது வெட்கம். வாயைத் திறந்து காட்டக் கூசுகிறார்கள். "திட்டாதீர்கள் டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் ஏறுபவர்கள் இருக்கிறார்கள். தாமதமாக ஆக ஆக வெட்கம் கூடும், வெட்கம் கூடக் கூட இன்னும் தாமதமாகும். இதில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு. "இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்ற கேள்வியைப் பல் மருத்துவர்கள் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்த முறை வராமல் போனவர்கள் உண்டு. கனடாவில் கல்லூரி முதலாண்டு மாணவர்களிடம் நடத்தி 2010-ல் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்கு முன்பு குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். தன்னைத் திட்டிக்கொள்வது திருந்துவதற்கு வழி என்றுதான் நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். திட்டிக்கொண்டால் திருந்தியது போன்ற ஒரு மயக்கம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

சரி, எப்படித் தொடங்குவது? சிகிச்சைக்குப் போகிறோம் என்று நினைக்காதீர்கள். காட்டிவிட்டு வருவதற்கு மட்டும் போங்கள். தொலைபேசியில் முன்பதிவு செய்யும்போதே, "இன்று பார்த்தால் போதும், எதுவும் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிடலாம். பயம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். சொன்னால் கூடுதலாக நேரம் ஒதுக்க முடியும். ஒரு சிறிய எக்ஸ்ரே, செலவு விவரம், எத்தனை முறை வர வேண்டும் என்ற கணக்கு. இவை கைக்கு வந்ததும் கலக்கத்தில் பெரும்பகுதி கரைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். மாலை என்றால் நாள் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள், கடைசியில் "ஆபீஸில் வேலை" என்று ரத்து செய்வீர்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பலர் ஏதோ பெரிய ஆபரேஷன் என்று பட்டினியாக வந்து ஊசியைப் பார்த்ததும் மயங்குகிறார்கள். வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுவார்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தாமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நாளைக் குறிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "அடுத்த வாரம் போகலாம்" என்பது முடிவே இல்லை. "செவ்வாய்க்கிழமை பையனைப் பள்ளியில் விட்டதும் அப்படியே போகிறேன்" என்பதுதான் முடிவு. எப்போது, எங்கே, எதற்கு அடுத்து என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டால் செய்து முடிக்கும் வாய்ப்புக் கூடுகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-ல் எழுதிய கட்டுரையில் விரிவாகக் காட்டினார். அதைப் படிப்பதற்கு முன்பே எங்கள் வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு இது தெரியும். தேதி கேட்காமல் போகிறவர் திரும்பி வரமாட்டார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

கண் பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை குறையும் என்று இன்னமும் நம்புகிறார்கள். பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கான நரம்பு வேறு. பல்லைச் சுத்தம் செய்தால் ஆடும் என்பதும் அப்படித்தான். ஈறும் எலும்பும் ஏற்கெனவே இறங்கியிருக்கும்; நடுவில் கல்போல இறுகி அடைத்துக்கொண்டிருந்த காரையை (பல் அழுக்கை) எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது.

இனிப் பழக்கம். நம் ஊரில் காலையில் பல் தேய்க்காதவர் இல்லை. இரவில் தேய்ப்பவர்தான் அரிது. தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைகிறது. அமிலத்தைக் கழுவிக் காப்பது எச்சில்தான். அதனால் ஒரு வேளைதான் முடியும் என்றால் இரவைக் கைவிடாதீர்கள் என்றுகூடச் சொல்வேன். ஏன் இரவுப் பழக்கம் நிலைப்பதில்லை? படுக்கப் போகும்முன் தேய்க்கலாம் என்று வைத்துக்கொள்வதால்தான். தொலைக்காட்சி முடிந்து, கைபேசியும் சலித்து, கண் சொருகும் நேரத்தில் எழுந்து குழாயடிக்குப் போக யாருக்கு மனம் வரும்? இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்த கையோடு தேய்த்துவிடுங்கள். பிரஷ்ஷும் பேஸ்ட்டும் கை கழுவும் இடத்திலேயே இருக்கட்டும். இன்னொரு லாபம், தேய்த்த பிறகு முறுக்கு டப்பாவைத் திறக்க மனம் கொஞ்சம் யோசிக்கும்.

புதிய பழக்கத்தைப் பழைய பழக்கத்தின் வாலில் கட்டுவது என்று இதைச் சொல்லலாம். 2013-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு எங்கள் துறையைச் சேர்ந்ததே. பல் இடுக்கை நூலால் சுத்தம் செய்யும் பழக்கத்தைச் சிலரைப் பல் தேய்ப்பதற்கு முன்பும், சிலரைத் தேய்த்த பின்பும் செய்யச் சொன்னார்கள். எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, தேய்த்த பின் செய்தவர்களிடம்தான் பழக்கம் அதிகம் நிலைத்திருந்தது. முடிந்த ஒரு வேலை அடுத்த வேலையைக் கூப்பிடுகிறது. தொடங்க வேண்டிய ஒரு வேலைக்கு முன்னால் இன்னொன்றைச் செருகினால் அது மறந்துபோகிறது.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்ற பேச்சை நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் குழுவும் 96 பேரை வைத்து ஆராய்ந்து 2010-ல் எழுதியபடி, ஒரு செயல் தானாக நடக்கும் நிலையை எட்டுவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆகிறது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடுகிறது. 22-ம் நாள் சலிப்பு வந்தால் நம்மிடம் குறை என்று எண்ண வேண்டியதில்லை. ஒருநாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. கல்யாண வீட்டில் ஓர் இரவு தேய்க்காமல் தூங்கிவிட்டால், மறுநாள் இரவு தேய்த்தால் போதும். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்குகிறேன் என்பது அந்த ஒருநாளை முப்பது நாளாக்கும் வழி.

குழந்தைகள் விஷயத்தில் "விழப்போகிற பல்தானே" என்று விடுகிறார்கள். பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலே பின்னால் முளைப்பது நிரந்தரக் கடைவாய்ப் பல். அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுவது நான் அடிக்கடி பார்ப்பது.

செலவுதான் தடை என்றால், சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். வலி இல்லாத நாளில் போய் நிற்பது சுலபம்.

இதுவரை சொன்னது, மெதுவாகத் தொடங்கினாலும் போதும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு. மெதுவாக என்ற பேச்சுக்கே இடமில்லாத சில உண்டு. தாடைக்குக் கீழே வீக்கம், கூடவே காய்ச்சல், விழுங்கச் சிரமம், வாயைத் திறக்க முடியாமை: இவை வந்தால் அன்றைக்கே, இரவென்றாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும், அந்தத் தொற்று கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக் குழாயை அடைக்கும். அடுத்தது, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத வாய்ப்புண், துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு அல்லது செந்திட்டு. புகையிலை, பாக்கு போடுபவர்கள் இதில் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இந்திய ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோயும் ஒன்று; தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை. சாதாரணப் புண்ணாகவே இருந்தாலும் காட்டிவிட்டு வாருங்கள். விளக்கடித்துப் பார்த்துத் தொட்டுச் சோதிக்க ஐந்து நிமிடம் ஆகும். அதற்கு ஊசியும் கிடையாது, துளைக்கும் கருவியும் கிடையாது.